ரிசல்ட் நாளில் அம்மா போன வீடுகள்

(நம் சங்கத்தின் கிளைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் தாயாரைப் பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும் என்று கிளைக் காரியதரிசி கேட்டுக்கொண்டபோது, "அம்மா பிரமுகர் ஒன்றும் இல்லையே!" என்றேன். "பிரமுகர்களைப் பற்றித்தான் எல்லாரும் பேசியாகிவிட்டது" என்றார் அவர். அதனால் தைரியமாக வந்து நிற்கிறேன். அம்மாவின் பெயரையோ, அவள் வேலை பார்த்த பள்ளியின் பெயரையோ நான் சொல்லப்போவதில்லை. அது அம்மாவுக்குப் பிடிக்காது. ஏன் பிடிக்காது என்பது இந்தப் பேச்சிலேயே விளங்கிவிடும்.

அம்மா பிறந்தது 1947-இல், நெய்யாற்றின்கரையில். இங்குள்ளவர்களில் பலர் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகும்போது பஸ்ஸிலோ ரயிலிலோ அந்த ஊரைக் கடந்திருப்பீர்கள். இரண்டு கைகளிலும் வெண்ணெய் ஏந்தி நிற்கும் கிருஷ்ணன் கோவில் கொண்ட ஊர். அகஸ்திய மலையில் பிறக்கும் நெய்யாறு ஊரைத் தொட்டுக்கொண்டு போய்ப் பூவாரில் கடலோடு சேருகிறது. ஆற்று வாயை மூடும் மணல் திட்டை அங்கே 'பொழி' என்பார்கள். மழைக்காலத்தில் வெள்ளம் பெருகினால் பொழி திறக்கும். தண்ணீர் குறைந்தால் மணல் வந்து மூடிக்கொள்ளும். பூவாரைத் தாண்டிப் பொழியூர். அதற்கு அடுத்த கடற்கரைக் கிராமம் நீரோடி. அது தமிழ்நாடு.

1956 நவம்பர் 1 அன்று அம்மாவுக்கு ஒன்பது வயது. அன்றுதான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுக்காவையும் சேர்க்க வேண்டும் என்று தமிழர்கள் கேட்டது நடக்கவில்லை. அம்மாவின் பெரியம்மா குடும்பம் குழித்துறையில் இருந்தது. ராத்திரி படுத்து எழுந்திருப்பதற்குள் அக்காவும் தங்கையும் இரண்டு ராஜ்யத்துப் பிரஜைகள் ஆகிவிட்டார்கள். பாறசாலை வரை கேரளம், களியக்காவிளை முதல் தமிழ்நாடு. அம்மா பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தாள், அகத்தில் நம் தமிழ் பேசினாள். அந்தத் தமிழைக் கேட்டு மெட்ராஸ் உறவினர்கள் சிரிப்பார்கள். "மலையாளத்துக்கு மலையாளமும் ஆச்சு, தமிழுக்குத் தமிழும் ஆச்சு, எனக்கு ரெண்டு காதாக்கும்" என்று அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். அந்த இரண்டு காதுகள்தான் பின்னால் அவளுக்குத் தொழில் ஆயின.

கல்யாணமான பிறகு அம்மா திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தாள். பாடம் நடத்துவதில் கெட்டிக்காரி என்று சொல்லமாட்டேன். ஆனால் வகுப்பு முடிந்ததும் ஒன்றிரண்டு குழந்தைகள் மேஜையருகில் தயங்கி நிற்கும். கணக்கில் சந்தேகம் என்று ஆரம்பித்து, அப்பா குடித்துவிட்டு வருகிறார் என்பதில் போய் முடியும். "இதுக்கு என்ன பதில் சொல்றதுன்னே தெரியலை. தெரியாம ஏதாவது சொல்லிட்டா பாவமில்லையா?" என்று அம்மா அப்பாவிடம் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது.

டெல்லியில் என்.சி.இ.ஆர்.டி. நிறுவனம் மாணவர் வழிகாட்டலுக்கு ஒரு பட்டயப் படிப்பு நடத்திவந்தது. 1983-இல் அம்மா அதற்கு விண்ணப்பித்து இடமும் கிடைத்துவிட்டது. ஒரு கல்வியாண்டு டெல்லியில் தங்க வேண்டும். அண்ணாவுக்கு வயது 13, எனக்கு 9. "ஊரார் குழந்தைகளுக்குப் புத்தி சொல்லப் படிக்கிறதுக்காகத் தன் குழந்தைகளை விட்டுட்டுப் போறாளாம்" என்று உறவில் பேசாதவர் இல்லை. பாட்டி மட்டும், அப்பாவைப் பெற்ற பாட்டி, "அவ போகட்டும், குழந்தைகளை நான் பாத்துக்கறேன். எனக்கு யாரும் ரெண்டு எழுத்துகூடச் சொல்லித் தரலை" என்றாள். மாமியார் அனுப்பி வைத்து மருமகள் படிக்கப் போன கதை நம் வீடுகளில் அதிகம் இல்லை என்பதால் இதைச் சொல்கிறேன். அந்த ஒரு வருஷமும் வாரம் ஓர் இன்லண்டு லெட்டர் வரும். ஒரு பக்கம் அண்ணாவுக்கு, ஒரு பக்கம் எனக்கு. எனக்குக் கோபம் இருந்தது. திரும்பி வந்த அம்மாவிடம் இரண்டு நாள் நான் பேசவில்லை. அம்மா சமாதானம் சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கறிகாய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் நானே பேச ஆரம்பித்தேன். அவள் டெல்லியில் படித்து வந்த படிப்பின் முதல் பாடத்தை என்மேல்தான் நடத்தினாள் என்று வெகுகாலம் கழித்துப் புரிந்தது.

அந்தப் பள்ளியில் அவளுக்கு மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை கொடுத்தார்கள். 'கவுன்சிலர்' என்று பலகை வைத்தபோது, கார்ப்பரேஷன் கவுன்சிலரா என்று கேட்டவர்களும் உண்டு. அம்மா பலகையை எடுத்துவிட்டு, வாசலில் நந்தியாவட்டைத் தொட்டி ஒன்று வைத்தாள். நாற்காலிகளை மேஜைக்கு இந்தப் பக்கம் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். எதிரே உட்கார்ந்தால் குழந்தைக்கு ஹெட்மிஸ்டிரஸ் ஞாபகம் வந்துவிடும் என்பாள்.

அம்மா தன் வேலையை மூன்று வாக்கியத்தில் சொல்வாள். "முழுக்கக் கேக்கணும். கேட்டதை வெளியில சொல்லப்படாது. என்னால முடியாததை முடியும்னு சொல்லப்படாது." கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க மனநூல் அறிஞர் 1942-இல் எழுதிய ஒரு நூல் இந்தத் துறையில் பெரிய மாறுதலைக் கொண்டுவந்தது. வருகிறவருக்கு அறிவுரை சொல்லித் திருத்துவதை விட்டுவிட்டு, அவரை அப்படியே ஏற்றுக்கொண்டு கேட்டால் வழி அவருக்கே தெரியும் என்பது அவர் கொள்கை. அம்மா இதைப் பக்கம் பக்கமாகப் படித்தவள்தான். எங்களுக்குச் சொன்னது இவ்வளவுதான்: "யாரும் நம்மகிட்ட வந்து புத்தி கேக்கறதில்லை. அவாளுக்குத் தெரிஞ்சதை உரக்கச் சொல்லிப் பாக்கறதுக்கு ஓர் ஆள் வேணும்."

இரண்டாவது வாக்கியம்தான் அவளுக்கு மிகவும் சிரமம் கொடுத்தது. நம் வீடுகளில் ரகசியம் என்பது ஒருவரிடம் மட்டும் சொல்லும் செய்தி. அந்த ஒருவர் அடுத்த ஒருவரிடம் மட்டும் சொல்வார். ஒரு நாள் சாயங்காலம் ஒரு மாமி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். "என் பொண்ணு உங்ககிட்ட என்ன சொன்னாள்? நான் பெத்தவ, எனக்குத் தெரியாமல் என்ன ரகசியம்?" என்று கூடத்தில் நின்று கேட்டார். அம்மா அவரை உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். "உங்க பொண்ணு நல்ல பொண்ணு. அவ சொன்னதை நான் சொல்லமாட்டேன். ஆனா அவ உங்ககிட்டயே சொல்றதுக்கு என்ன வழின்னு நாம ரெண்டு பேரும் யோசிக்கலாம்" என்றாள். அந்த மாமி கோபித்துக்கொண்டு போனவர், மறுவாரம் திரும்பி வந்தார். இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. உயிருக்கு ஆபத்து என்றாலோ, யாராவது குழந்தையைத் துன்புறுத்துகிறார்கள் என்றாலோ சொல்லியே ஆக வேண்டும். அதைக் குழந்தையிடம் முதல் நாளே அம்மா சொல்லிவிடுவாள். பின்னால் 2012-இல் வந்த போக்சோ சட்டம், இத்தகைய குற்றம் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதையே தண்டனைக்குரியது ஆக்கியது. ஓய்வு பெற்ற பிறகு அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேப்பரில் படித்துவிட்டு, "இது நான் வேலையில இருந்தபோது இருந்திருந்தா எனக்கு எவ்வளவு பலமா இருந்திருக்கும்!" என்று அம்மா சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

அப்படியானால் வீட்டில் அம்மா எப்படி இருந்தாள் என்று கேட்பீர்கள். எல்லாத் தாயார்களையும் போலத்தான். ஈரத் தலையோடு வெளியே போனால் சத்தம் போடுவாள். பரீட்சைக்கு முதல் நாள் டி.வி. பார்த்தால் சுவிட்சை அணைப்பாள். ஆனால் 1988-இல் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்போது கேரளத்தில் பிளஸ் டூ கிடையாது, கல்லூரியில் ப்ரீ டிகிரிதான். அண்ணா இரண்டாம் வருஷக் கணக்கில் தோற்றுப்போனான். பள்ளியில் எப்போதும் முதல் மூன்று பேருக்குள் வந்தவன். பேப்பரில் நம்பர் இல்லை. அரை மணி நேரத்தில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. சித்தப்பா ஒருவர் வந்து, "கவுன்சிலர் ஆத்துப் பிள்ளையே இப்படியா?" என்றார். அப்பா முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தார். அம்மா உள்ளே போய் அரிசி ஊறப்போட்டாள். அன்று சேவை. சேவை நாழியை அழுத்துவது எப்போதும் அண்ணாவின் வேலை. "வாடா, வந்து அழுத்து" என்று கூப்பிட்டாள். அவன் அழுதுகொண்டே அழுத்தினான். தேங்காய்ச் சேவை, எலுமிச்சைச் சேவை என்று எல்லாரும் சாப்பிட்டோம். ராத்திரி அம்மா அப்பாவிடம் சொன்னது பக்கத்து அறையிலிருந்த எங்களுக்குக் கேட்டது: "இன்னிக்கு ஒரு நாள் அவனைத் தனியா விடாதேங்கோ. கணக்கை செப்டம்பர்ல எழுதிக்கலாம்." அப்பா தன் பாயை எடுத்துக்கொண்டு வந்து அண்ணா பக்கத்தில் போட்டுப் படுத்துக்கொண்டார். அண்ணா செப்டம்பரில் எழுதித் தேறினான். இன்று அவன் நன்றாக இருக்கிறான். இதைச் சபையில் சொல்ல அவனே அனுமதி கொடுத்தான்.

அதற்கு அடுத்த வருஷத்திலிருந்து அம்மாவுக்கு ஒரு வழக்கம் வந்தது. ரிசல்ட் வரும் நாளில் நம்மவர்கள் எங்கே போவோம்? ரேங்க் வாங்கிய குழந்தை வீட்டுக்கு. கற்கண்டும் பேனாவும் கொண்டு போவோம். அம்மா அங்கே மறுநாள் போவாள். அன்றைக்குப் போவது மற்ற வீடுகளுக்கு. தோற்றுப்போன பிள்ளை வீடு, எதிர்பார்த்தது 90 வந்தது 70 என்று கதவைச் சாத்திக்கொண்ட பெண் வீடு. போய் எதுவும் விசாரிக்கமாட்டாள். "மோர் இருக்கா?" என்று கேட்டு வாங்கிக் குடிப்பாள். குழந்தையைக் கூப்பிட்டு, "என்னைப் பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டு விடேன்" என்பாள். அந்தப் பத்து நிமிஷ நடைதான் அவளுக்கு வேண்டியிருந்தது. திரும்பி வந்து எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். எந்தெந்த வீடு என்பதே எங்களுக்குத் தெரியாது. பலகாரப் பை காலியாக வருவதை வைத்து எண்ணிக்கையை ஊகிப்போம்.

2005-இல் ஓய்வு பெற்றாள். அன்று மாலை, 20 வருஷத்துக்கு மேலாக எழுதிவைத்த குறிப்பு நோட்டுகளையெல்லாம் கொல்லையில் வைத்துக் கொளுத்தினாள். அப்பாவும் அம்மாவும் நெய்யாற்றின்கரைக்கே திரும்பி, தாத்தாவின் பழைய வீட்டைச் செப்பனிட்டுக் குடிபோனார்கள். 2011-இல் அப்பா காலமானார். என்னோடு வந்து புனேயில் இரு என்று எவ்வளவோ கூப்பிட்டேன். "இங்க என்னைத் தேடி யாராவது வருவா" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

2017 நவம்பர் 29 ராத்திரி ஓகிப் புயல் வந்தது. எச்சரிக்கை வருவதற்கு முன்பே கடலுக்குப் போயிருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். பூந்துறை, விழிஞ்ஞம், பூவார், பொழியூர், எல்லைக்கு அப்பால் நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் என்று அந்தக் கடற்கரை முழுவதும் அழுகுரல். சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் உடலாக வந்தார்கள். மரபணுச் சோதனை செய்துதான் அடையாளம் காண வேண்டியிருந்த உடல்களும் உண்டு. சிலர் வரவேயில்லை. அப்போது அம்மாவுக்கு 70 வயது. முழங்கால் வலி வேறு. பழைய மாணவி ஒருத்தி அந்தப் பக்கத்துப் பள்ளியில் டீச்சராக இருந்தாள். குழந்தைகள் வகுப்பில் பேசுவதே இல்லை என்று அவள் ஃபோன் செய்ததும், அம்மா மறுநாளே பஸ் ஏறிப் பூவார் போய் அங்கிருந்து பொழியூர் போய்விட்டாள். பிறகு ஐந்தாறு மாதம் வாரத்தில் மூன்று நாள் போனாள்.

டிசம்பர் லீவில் நான் வந்திருந்தேன். ஒரு நாள் கூடப் போனேன். நானே பார்த்ததால் இதைச் சொல்கிறேன். ஊரும் பெயரும் வேண்டாம். நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் மணலில் உட்கார்ந்திருந்தான். அம்மாவும் சிரமப்பட்டு மணலில் உட்கார்ந்தாள். வெகுநேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவன், "பாட்டி, எங்க அப்பா வருமா?" என்றான். நானாக இருந்தால், வருவார் என்று சொல்லியிருப்பேன். அம்மா, "தெரியலையே கண்ணா. நீ அப்பாவைப் பத்திச் சொல்லு, நான் கேக்கறேன்" என்றாள். அவன் ஒரு மணி நேரம் பேசினான். அப்பா வலை பின்னுகிற விதம், அப்பா வாங்கித் தருவதாகச் சொன்ன சைக்கிள், கடைசியாக அப்பா போட்டிருந்த சட்டையின் நிறம் எல்லாம் வந்தது. திரும்பி வரும்போது அம்மாவிடம், ஏன் ஓர் ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். "வருவார்னு சொன்னா நான் பொய் சொன்னவ ஆவேன். வரமாட்டார்னு சொல்ல நான் யாரு? ரெண்டும் இல்லாத இடத்துல அந்தக் குழந்தை நிக்கறது. அங்க போயி அதுகூட நிக்கணும்" என்றாள்.

உடல் கிடைக்காத துக்கத்துக்கு முடிவே கிடையாது. ஏழு வருஷம் தகவலே இல்லாதவரைத்தான் சட்டம் இறந்தவராகக் கொள்ளும். அந்த முறை கேரளமும் தமிழ்நாடும் தனி முடிவெடுத்து, காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்கும் 20 லட்சம் ரூபாய் வழங்கின. பணத்தை வாங்கினால் புருஷன் செத்துவிட்டதை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்று கலங்கிய பெண்களும் அங்கே இருந்தார்கள். அம்மா அவர்களைச் சீக்கிரம் தேறிக்கொள்ளும்படி சொல்லவில்லை. "நம்ம சாஸ்திரத்துலயே, தேசாந்தரம் போய்த் திரும்பாதவனுக்குப் பன்னிரண்டு வருஷம் காத்திருந்து, அப்புறம் தர்ப்பையில உருவம் பண்ணித்தான் சம்ஸ்காரம் பண்ணச் சொல்லியிருக்கு. பெரியவாளுக்கே அவ்வளவு நாள் வேண்டியிருந்திருக்கு" என்று என்னிடம் சொன்னாள்.

இதில் நம் மனுஷர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "இந்த வயசுல மீன்காரா குடியில போய் உக்காந்துண்டு என்ன வேலை?" என்று உறவினர் ஒருவர் கேட்டார். இன்னொருவர் நேராகவே, "அங்க ஏதாவது சாப்பிட்டேளா?" என்றார். "கட்டஞ்சாயா குடுத்தா, குடிச்சேன். அவாத்துல அன்னிக்கு அவ்வளவுதான் இருந்தது" என்றாள் அம்மா. திரும்பி வந்து ஸ்நானம் பண்ணி, விளக்கேற்றி, சஹஸ்ரநாமம் சொல்லிவிட்டுத்தான் படுப்பாள். அவளுக்கு இரண்டுக்கும் முரண்பாடு தோன்றவே இல்லை. அவளிடம் தர்க்கம் பண்ணிப் பயனில்லை என்று அந்த உறவினரும் விட்டுவிட்டார்.

2023-இல் அம்மா போய்விட்டாள். பத்து நாளும் வீட்டுக்கு யார் யாரோ வந்துகொண்டிருந்தார்கள். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் காரில் வந்து, வாசலிலேயே நின்று கும்பிட்டுவிட்டுப் போனார். கடற்கரைப் பெண்கள் நாலைந்து பேர் வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவை எப்படித் தெரியும் என்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அம்மா வைத்துவிட்டுப் போன சொத்து என்று நான் நினைப்பது அதைத்தான்.

கடைசியாக, நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். 2005-இல் கேரளம் எஸ்.எஸ்.எல்.சி.யில் ரேங்கை எடுத்துவிட்டு கிரேடு கொண்டுவந்தது. 2017-இல் தமிழ்நாடும் பத்து, பன்னிரண்டாம் வகுப்பு ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர், மனநூல் வல்லுநர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறி வகுத்தது. ஏன் இவ்வளவும்? 2021, 2022 ஆகிய ஒவ்வொரு வருஷத்திலும் இந்த நாட்டில் 13,000-க்கு மேற்பட்ட மாணவர்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள் என்று அரசாங்கப் புள்ளிவிவரமே சொல்கிறது. அவற்றில் எத்தனை நம் வீடுகள் என்று கணக்கு இல்லை. இல்லவே இல்லை என்று யாரும் நெஞ்சில் கைவைத்துச் சொல்லமுடியாது.

நாம் வருஷா வருஷம் கெட்டிக்காரக் குழந்தைகளுக்குப் பரிசு கொடுக்கிறோம், பத்திரிகையில் போட்டோ போடுகிறோம். தாராளமாகச் செய்யுங்கள், அம்மாவும் மறுநாள் அங்கே போனவள்தான். அதோடு இன்னொன்றும் செய்யலாம். ஒவ்வொரு கிளையிலும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், மாமிகள் என்று இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். ரிசல்ட் நாளில் அவர்கள் மற்ற வீடுகளுக்குப் போகட்டும், வெளியூர் என்றால் ஃபோன் செய்யட்டும். மதிப்பெண்ணைக் கேட்க வேண்டாம், மோர் கேட்டால் போதும். பேச்சில் ஏதாவது பயம் தட்டினால் தாமதிக்க வேண்டாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். இந்த எண்ணை நம் பத்திரிகையின் உள்ளட்டையில் பஞ்சாங்கக் குறிப்புக்குப் பக்கத்தில் ஒவ்வோர் இதழிலும் போடும்படி ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.